இன்னைக்கு வானம் என்ன நிறம்?

சிறுமலையில் மேற்கு பார்த்து ஒரு சின்ன மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை, அன்னதானக்கூடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த நாலு அறை, ஒரு கிணறு, கொஞ்சம் எலுமிச்சை மரம், முன்னால் ஒரு வழுக்குப் பாறை. அவ்வளவுதான்.

அங்கே இருந்தவரை எல்லாரும் வாத்தியார் சாமி என்றார்கள். முன்னால் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. காவியும் கிடையாது, தாடியும் கிடையாது. ஏன் வேலையை விட்டீர்கள் என்று யாராவது கேட்டால், மலை பிடித்திருந்தது என்பார். அதற்கு மேல் கேட்டால் காபி கொடுப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம். பொழுது கொடைக்கானல் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் பாறைமேல் போய் உட்காருவார். சீடர்களும் வந்து உட்காருவார்கள். சாமி மேற்கே பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“இன்னைக்கு வானம் என்ன நிறம்?”

இந்தக் கேள்வியில் மண்டை காய்ந்தவர்கள் பல பேர். தேசிகன் என்று ஒருவர் இருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மடத்தில் மூத்த சீடர். அவர் விரதமிருந்து யோசித்து ஒரு நாள் சொன்னார், “பாக்குறவன் மனசோட நிறம் எதுவோ அதுதான் சாமி வானத்தோட நிறம்.” மற்றவர்கள் சொக்கிப் போனார்கள். சாமி நல்லா இருக்கு என்றார். மறுநாள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

சரி, பதில் போதவில்லை போலிருக்கிறது என்று எல்லாரும் இன்னும் ஆழமாகப் போனார்கள். நிறமே மாயை என்றார் ஒருவர். கேட்கிறவரும் வானமும் ஒன்றுதான் என்றார் இன்னொருவர். ஒருவர் வாயையே திறக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்த பதில் என்று தேசிகனே ஒப்புக்கொண்டார். மனுஷனுக்குப் பொறாமையில் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

சாமி அந்த மூடிய கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

இப்படி வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காசிராசன் மலையேறி வந்தார்.

காசிராசன் சின்னாளபட்டியில் தையல்கடை வைத்திருந்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரவிக்கை தைப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காரணம் தையல்கூட இல்லை, நூல். எந்தச் சேலையைக் கொண்டுவந்தாலும் அந்த நிறத்துக்கு அச்சாக ஒரு நூல்கண்டை எடுத்துப் போடுவார். மயில்கழுத்து, மாந்துளிர், கத்தரிப்பூ, வெங்காயக் கலர், அரக்கு என்று பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார். அவர் சம்சாரம் தனக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுப்பார், கொக்கி கட்டுவார். கடை முழுக்க இரண்டே பேர்தான்.

காசிராசனுக்கு இடது கண் குழந்தையிலேயே அம்மையில் போய்விட்டது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனையும். விறகு பிளக்கும்போது ஒரு சிராய் தெறித்து அந்த வலது கண்ணிலும் குத்திவிட்டது. மதுரையில் பெரிய கண்ணாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்ணுக்குள் இருந்த லென்ஸ் உடைந்துபோனதால் அதை எடுத்துவிட்டார்கள். காயம் நன்றாக ஆறட்டும், புது லென்ஸை அப்புறம் வைக்கலாம், அதுவரைக்கும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று தடிமனாக ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவர் முகம் கழுவுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே எல்லாம் கலங்கல். ஆனால் பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அவர் ஆயுசில் பார்க்காத ஒரு நிறம் இருந்தது.

தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை இல்லை, நீலம் இல்லை, ஊதாவும் இல்லை. ஊதாவுக்கு அப்புறம் என்று ஒன்று இருந்தால் அது. வேலியோரம் சூரியகாந்தி பூத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். இதழ் நுனியில் எல்லாம் அதே நிறம். கண்ணாடியைப் போட்டார், போய்விட்டது. கழற்றினார், வந்துவிட்டது.

ஊரில் சொன்னார். சொன்னதுதான் தப்பாகிவிட்டது. டீக்கடையில் சிரித்தார்கள். கண்ணோடு சேர்த்து மூளையிலும் சிராய் குத்திவிட்டதா என்று ஒருவன் கேட்டான். மனுஷர் ஆடிப்போனார். அத்தனை நூல்கண்டையும் வெயிலில் கொட்டி, கண்ணாடி இல்லாமல் ஒவ்வொன்றாகக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அந்த நிறத்துக்கு நூல் இல்லை. ஆயுசு முழுக்க எந்த நிறத்துக்கும் நூல் இல்லை என்று சொல்லாத ஆள்.

அப்புறம் கண்ணாடியைப் போடுவதையே விட்டுவிட்டார். சட்டைப்பையில்தான் கிடந்தது. தட்டுத் தடுமாறி நடப்பார், வாசற்படியில் இடித்துக்கொள்வார், எதிரே நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். கடை பூட்டிக் கிடந்தது. ஒளியைப் பற்றித் தெரிந்த சாமி ஒருத்தர் மலைமேல் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். தனக்கொடி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார்.

சாமி முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு ஓட்டுத் துண்டை எடுத்து, ஒன்றில் சுண்ணாம்பும் மற்றொன்றில் கடையில் வாங்கிய வெள்ளைப் பெயிண்டும் பூசிக் காயவைத்தார். காய்ந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. தேசிகன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வித்தியாசமே இல்லை என்றார். சாமி அந்த இரண்டையும் வெயிலில் வைத்து, எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் காசிராசனைக் கூப்பிட்டார்.

காசிராசன் கண்ணாடி இல்லாமல் குனிந்தார். “இது பேசுது. அது செத்துக் கிடக்கு” என்றார்.

பேசுகிறது என்று அவர் காட்டியது சுண்ணாம்பு. இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

“உங்களுக்குக் கிறுக்கு இல்லண்ணே” என்றார் சாமி.

காசிராசன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். சாமி அவர் அழுது முடிக்கிறவரை காத்திருந்து, நடந்ததைச் சொன்னார். எல்லார் கண்ணிலும் இருக்கிற லென்ஸ், ஊதாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒளியை உள்ளே விடாமல் வடிகட்டி மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் புறஊதா என்று பெயர். காசிராசனுக்கு வடிகட்டி போய்விட்டது, அதனால் அதில் ஒரு ஓரம் உள்ளே வருகிறது. அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியும் அதைத் தடுக்கும். சுண்ணாம்பு அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, பெயிண்ட் அதை விழுங்கிவிடுகிறது. தேனீக்குக்கூட அந்த ஒளி தெரியும் என்றார்.

“அப்போ தேனீ நம்மளவிட அதிகமாப் பாக்குதா சாமி?”

“அதுக்குச் சிவப்பு தெரியாது” என்றார் சாமி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எலுமிச்சை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காசிராசன் மடத்திலேயே தங்கிவிட்டார். அவர் மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அதைக் கேட்டார்.

“சாமி, நான் பாக்குறதை இன்னொருத்தருக்குக் காட்ட வழி இருக்கா? ஒரே ஒரு ஆளுக்குப் போதும்.”

சாமி எழுந்து போய்க் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தார். ஒரு முனையைக் கிணற்றடியில் போட்டு, மற்ற முனையை வாசல் படல்வரை இழுத்துக்கொண்டு போனார்.

“காசிராசண்ணே, உங்க பையில நூல் இருக்குமே?”

இருந்தது. தையல்காரர் பையில் நூல் இல்லாமலா இருக்கும். இரண்டு மூன்று துண்டு நூலை எடுத்து நீட்டினார். சாமி அதில் ஒன்றை உருவி, “இந்தக் கறுப்பு நூல் போதும்” என்றார்.

அது நல்ல அரக்குச் சிவப்பு. கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்காததால் காசிராசனுக்கு நூல் நிறம் தெரியவில்லை. தேசிகனுக்குத் தெரிந்தது. சிவப்பும் கறுப்பும் ஒன்று என்று சாமி நமக்கு உணர்த்துகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் மெதுவாகச் சொன்னார். கேட்டவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சாமி கயிற்றின் வழியே நடந்தபடி சொல்லிக்கொண்டே போனார். கிணற்றடியில் இருப்பது ரேடியோ அலை. அப்புறம் செல்போன் பேசுகிற அலை. இன்னும் தள்ளி வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. அதை ஒட்டி ஒரு இடத்தில் நின்று கயிற்றில் நூலைச் சுற்றிக் கட்டினார். விரற்கடை அகலம்கூட இல்லை. இதுதான் நாம் பார்க்கிறது, சிவப்பில் ஆரம்பித்து ஊதாவில் முடிகிறது, வானவில் முழுக்க இதற்குள் அடக்கம் என்றார். அதைத் தாண்டிப் புறஊதா, ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே, படலுக்குப் பக்கத்தில் காமாக் கதிர். அலையின் நீளம் மாறுகிறதே தவிர எல்லாம் ஒரே கயிறுதான் என்று சொல்லி முடித்தார்.

காசிராசன் கயிற்றைக் கிணற்றிலிருந்து படல்வரை தடவிக்கொண்டே நடந்தார். நூல் தட்டுப்பட்ட இடத்தில் நின்றார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“எனக்கு எவ்வளவு கூட?”

சாமி நூல்முடிச்சை ஒட்டி நகத்தால் ஒரு கீறல் போட்டார். காசிராசன் அதைத் தடவிப் பார்த்தார். கைக்கே சரியாகத் தெரியவில்லை.

“இதைக் காட்ட வழியில்லையா சாமி?”

“படம் பிடிக்கக் கருவி இருக்குண்ணே. ஆனா படத்துல நமக்குத் தெரிஞ்ச நிறமாத்தான் மாத்திக் காட்டும். நீங்க பாக்குறதைக் காட்ட வழியில்ல.”

அதற்குப் பிறகு காசிராசன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காலையில் வெயில் ஏறியதும் சுண்ணாம்பு ஓட்டுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அந்த நிறம் மடியில் இருக்கும். இத்தனை ஜனம் இருக்கிற உலகத்தில் இதைப் பார்க்க நான் ஒருத்தன்தானா என்று ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாயங்காலம் பாறையில் சாமி கேள்வி கேட்கும்போது காசிராசன் வாயைத் திறக்க மாட்டார். தூரத்து வானம் அவருக்கு வெறும் கலங்கல். அந்த மௌனத்தையும் பெரிய ஞானம் என்று தேசிகன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் தனக்கொடி வந்து இறங்கினார். கையில் ஒரு வயர்கூடை, அதில் மாற்று வேட்டியும் ஆஸ்பத்திரிச் சீட்டும். லென்ஸ் வைக்க மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள்.

காசிராசன் வரமாட்டேன் என்றார். லென்ஸ் வைத்தால் கண் தெளிந்துவிடும், ஊசியில் நூல்கூடக் கோக்கலாம் என்று டாக்டர் சொன்னதைத் தனக்கொடி சொன்னார். அந்த லென்ஸும் அந்த நிறத்தை உள்ளே விடாது, வைத்துவிட்டால் கண்ணாடி மாதிரிக் கழற்ற முடியாது என்றார் காசிராசன். அதற்காகக் குருடாகவே இருக்கப் போகிறீர்களா என்று தனக்கொடி கேட்டார். அவர் ஓட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு எலுமிச்சை மரத்துப் பக்கம் போய்விட்டார்.

தனக்கொடி சாமியிடம் வந்தார்.

“சாமி, இந்த மனுஷன் என் முகத்தைப் பாத்து எத்தனையோ மாசமாச்சு. எதிர்ல நின்னா, யாருன்னு கேக்குறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

சாமி தனக்கொடியையும் காசிராசன் போன திசையையும் பார்த்தார். கீழே போகிற பஸ் போய்விட்டது, காலையில்தான் இனி, இருங்கக்கா என்று மட்டும் சொன்னார். தனக்கொடிக்கு ஆத்திரம்தான். இதைச் சொல்ல ஒரு சாமி வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் எல்லாரும் பாறைக்குப் போனார்கள். தனக்கொடியும் போய் ஓரமாக உட்கார்ந்தார். காசிராசன் தள்ளி உட்கார்ந்திருந்தார். பொழுது மலை விளிம்பில் இறங்கியது. சாமி வழக்கம்போலக் கேட்டார்.

“இன்னைக்கு வானம் என்ன நிறம்?”

தேசிகன் தொண்டையைச் செருமித் தயாரானார். அதற்குள் தனக்கொடி பேசிவிட்டார். அவருக்கு மடத்து முறை என்ன தெரியும்? கேட்டார்கள், சொன்னார்.

“அடியில மாம்பழ மஞ்சள் சாமி. அதுக்கு மேல வெங்காயக் கலர், நல்லாப் பரந்து கிடக்கு. பொழுதைச் சுத்தி ஒரே அரக்கு, கல்யாணச் சேலை அரக்கு. அந்த ஒத்த மேகத்துக்கு மட்டும் கரை கட்டுன மாதிரி மிளகாய்ப்பழச் சிவப்பு.”

தேசிகன் நெளிந்தார். இப்படியா சாமியிடம் பதில் சொல்வது? ஆனால் சாமி முழு உடம்போடு தனக்கொடி பக்கம் திரும்பியிருந்தார்.

“அப்புறம்?” என்றார்.

அந்தப் பாறையில் சாமி அப்புறம் என்று கேட்டு யாரும் பார்த்ததில்லை.

தனக்கொடி மேலே பார்த்தார். “மாறுது சாமி. மஞ்சள் போயிருச்சு. அரக்கு மேல ஏறுது.”

“அரக்குன்னா எப்படிக்கா இருக்கும்?”

தனக்கொடி சாமியின் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷம் நூல்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, நிறம் தெரியாமல் கேட்கிற கேள்வி எது என்று தெரியும். கயிற்றில் கட்டிய சிவப்பு நூலைச் சாமி கறுப்பு என்றாராம் என்று மடத்தில் பேசிக்கொண்டதையும் அவர் கேட்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியலையா சாமி?”

“தெரியலக்கா.”

“பிறவியிலயா?”

“பிறவியிலதான். சிவப்பு எனக்குக் கறுப்பாத்தான் தெரியும். பொழுது சாயும்போது உங்களுக்கெல்லாம் என்னமோ நடக்குது, எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க. எனக்குச் சும்மா இருட்டிக்கிட்டு வரும்.”

தேசிகன்தான் முதலில் பேசினார்.

“அப்போ இத்தனை வருஷமா அந்தக் கேள்வி, சாமி?”

“கேள்விதான் தேசிகன். வானம் என்ன நிறம்னுதான் கேட்டேன்.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே.”

“கூச்சமா இருந்துச்சு. அப்புறம் நீங்க சொன்ன பதிலெல்லாம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல. நாளைக்கு யாராவது சொல்லுவாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருந்துட்டேன்.”

தேசிகன் தலையைக் குனிந்துகொண்டார். வானத்தை அவர்தான் தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர். அது என்ன நிறத்தில் இருந்தது என்று ஒரு நாளாவது நினைவிருக்கிறதா என்றால், இல்லை.

தனக்கொடி யாரையும் கவனிக்கவில்லை. வானத்தைப் பார்ப்பதும் யோசிப்பதுமாக இருந்தார். நிறத்தின் பெயர் தெரியாதவருக்குப் பெயரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

“சோறு வடிச்சு இறக்குன பிறகு அடுப்புல கங்கு கிடக்கும்ல சாமி. கையைக் கிட்டக் கொண்டு போனா சுடாது, ஆனா விட்டு நகரவும் மனசு வராது. அந்தச் சூடுதான் அரக்கு. வெங்காயக் கலரு, பிள்ளை அழுது ஓஞ்ச பிறகு கன்னத்தைத் தொட்டா இருக்குமே, அந்தச் சூடு.”

சாமி கையை மெதுவாக முன்னால் நீட்டினார், எதிரே அடுப்பு இருக்கிற மாதிரி. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பொழுது முழுக்க இறங்கிவிட்டது.

காசிராசன் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சாமி, இப்படிக் கேட்டுக்கிட்டாப் போதுமா?”

“போதாதுண்ணே” என்றார் சாமி. “அதனாலதான் தினமும் கேக்குறேன்.”

தனக்கொடி காசிராசன் பக்கம் திரும்பினார்.

“நானும்தான் கேட்டேன். கட்டுப் பிரிச்ச மறுநாள்ல இருந்து தினமும் கேட்டேன், அது எப்படிங்க இருக்குன்னு. உனக்குப் புரியாதுன்னீங்க. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. டீக்கடையில சொன்னீங்க. நான் கேட்டா மட்டும் உனக்குப் புரியாது.”

அவர் அழவில்லை. காசிராசன் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தார். ஒரே ஒரு ஆளுக்குக் காட்டினால் போதும் என்று சாமியிடம் கேட்டவர் அவர்தான். கேட்கிற ஆள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

சாமி தேசிகன் தோளைத் தொட்டு எழுப்பினார். மற்றவர்களும் எழுந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் மட்டும் பாறையில் இருந்தார்கள்.

“பேரில்லாத நிறத்தை எப்படிச் சொல்றது?” என்றார் காசிராசன்.

“நான் சாமிக்குச் சொல்லலையா? அப்படிச் சொல்லுங்க.”

அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். வேட்டியை வெளுத்து, நீலம் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்து எடுத்ததும் அதில் முகத்தைப் புதைத்தால் மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி ஏறுமே, அது என்றார். இல்லை, அது சரியில்லை என்று தானே மறுத்தார். பனிக்காலத்தில் முதல் வாய்த் தண்ணீர் பல்லில் படுவது மாதிரி என்றார். அதுவும் முழுசாக இல்லை. தனக்கொடி விடவில்லை. வெள்ளைக்குக் கிட்டவா ஊதாவுக்குக் கிட்டவா, பூவில் இருக்கும்போது எப்படி, சுவரில் இருக்கும்போது எப்படி, மேகம் மறைத்தால் என்ன ஆகும் என்று, வாடிக்கைக்காரியிடம் ரவிக்கை அளவு கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். காஜா எடுக்கிற கைக்குப் பொறுமை அதிகம்.

சொல்லிக்கொண்டே வந்த காசிராசன் நடுவில் நிறுத்தினார். சட்டைப்பையில் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் தனக்கொடியின் முகம் தெரிந்தது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண் இரண்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு ஆசையாக ஒரு முகம் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இத்தனை மாசமாக அவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

“என்னங்க, நிறுத்திட்டீங்க? அப்புறம்?” என்றார் தனக்கொடி.

காசிராசன் மேலே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கண்ணாஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. புது லென்ஸ் பொருந்திவிட்டது. கடையைத் திறந்தார்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் தைக்கத் துணி மலையாகக் குவிந்தது. காசிராசன் தூரத்தில் வருகிற ஆளைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தனக்கொடி மட்டும் இடையில் ஒரு நாள் மலைக்குப் போய், மடத்தில் இருந்தவர்களுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்துவிட்டு வந்தார். காசிராசனுக்கு வேலை.

பண்டிகை முடிந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே மலையேறினார்கள். காசிராசன் சாமியின் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை தெளிவாகப் பார்த்தார். நினைத்ததைவிடச் சின்ன வயதாக இருக்கிறாரே என்று வாய்விட்டுச் சொன்னார். தனக்கொடி கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு ஓட்டுத் துண்டும் எலுமிச்சை மரத்தடியில் அப்படியே கிடந்தன. காசிராசன் எடுத்து வெயிலில் பிடித்தார். திருப்பினார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே வெள்ளை.

சிரித்த முகம் மாறிவிட்டது. ஓட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“போனது போகட்டும் சாமி. அது எனக்குத் தெரிஞ்சுதான் போனேன். ஆனா எப்படி இருந்துச்சுங்கிறதே இப்போ நினைவுக்கு வர மாட்டேங்குது. கண்ணை மூடி மூடிப் பாக்குறேன். ஊதாதான் வருது, வெள்ளைதான் வருது. அது வரல. உலகத்துல ஒருத்தன் பாத்தான், அவனும் மறந்துட்டான். அப்போ அது இருந்ததுக்கே சாட்சி இல்லாமப் போச்சே.”

சாமி சுண்ணாம்பு பூசிய ஓட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்ணே” என்றார்.

“உங்களுக்கா?”

“பூவுல இருந்தா துவைச்ச வேட்டி. சுவத்துல இருந்தா பல்லுல படுற தண்ணி. மேகம் மறைச்சா உடனே போகாது, யாரோ எழுந்து போன பாயில சூடு இருக்குமே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போகும்.”

காசிராசன் அவரையே பார்த்தார். மேகத்தைப் பற்றித் தான் அப்படிச் சொன்னதுகூட அவருக்கு நினைவில்லை.

“இதை யார் சொன்னா சாமி?”

கிணற்றடியில் வாளி ஏறுகிற சத்தம் கேட்டது. சாமி அந்தப் பக்கம் கைகாட்டினார்.

“நான் ஒரு தடவைதான் கேட்டேன். நீங்க தினமும் கேளுங்க.”